ஊரணி தூர்வாரும் வேலை: மழைக்குள் முடிப்பதா, மார்ச் வரை இழுப்பதா?

செம்மண்காடு கேட்டது:
காரைக்குடி பக்கம் ஒரு கிராம ஊராட்சி. ஊரணி தூர்வாருதல், வரத்துக்கால் (ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) சீரமைப்பு, சரிந்த படித்துறை எடுத்துக் கட்டுதல் எல்லாம் சேர்த்து 18 லட்சத்துக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நிர்வாக அனுமதி வந்துவிட்டது. மதிப்பீட்டைப் பொறியாளர் சரிபார்த்துத் தரும் தொழில்நுட்ப அனுமதி இனிமேல்தான். நீர்ப்பரப்பு 60க்கு 45 மீட்டர், சராசரியாக 90 செ.மீ. வெட்ட வேண்டும். தரை இப்போது காய்ந்து கிடக்கிறது. ஊராட்சி ஒன்றியத்தில் மார்ச் 31க்குள் பில் போட்டால் போதும் என்கிறார்கள். வேலை அட்டவணையை எப்படிப் போடுவது?

எம்புக் எழுதியது:
மார்ச்சை விடுங்கள். ஐப்பசி முதல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் சார். வடகிழக்கு மழை பிடித்து ஊரணி நிறைந்துவிட்டால் மார்ச்சில் இடுப்பளவு தண்ணீரில் என்ன வெட்டுவீர்கள்?

தொழில்நுட்ப அனுமதிக்கு ஒரு வாரம். 2 கோடிக்கு உட்பட்ட வேலைக்கு டெண்டர் அவகாசம் குறைந்தது 15 நாள், 2000ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் விதிப்படி. அதில் கை வைக்க வேண்டாம். திறப்பு, ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், வேலை உத்தரவு என்று 10 நாள். ஆக செப்டம்பர் 10 வாக்கில் தளம் ஒப்படைக்கலாம். மழைக்கு முன் கையில் இருப்பது ஐந்து வாரம்.

வெட்டு 2,430 கன மீட்டர், கரைச் சரிவைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஒரு ஜேசிபி நாளைக்கு 200 கன மீட்டர் வெட்டினால் 12 நாள் வேலை. ஆனால் வெட்டிய மண் கால் பங்கு உப்பும். 200 என்பது வண்டியில் 250 ஆகிவிடும். 3 யூனிட் டிப்பரில் எட்டரை கன மீட்டர்தான் பிடிக்கும், தினமும் 30 நடை ஓட வேண்டும். அதற்கு மூன்று டிப்பர் தேவை. இரண்டோடு வந்தால் ஜேசிபி மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கும், 12 நாள் 18 ஆகும்.

மண்ணை எங்கே கொட்டுவது என்பதை டெண்டருக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான இடங்களில் வேலை கெடுவது இங்கேதான். கரை மேலேயே குவித்துவிட்டு, முதல் மழையில் அதே மண் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விவசாயிகள் வண்டல் கேட்டால் தாசில்தார் அனுமதியை இப்போதே கேட்டு வையுங்கள். எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம் என்பது எஸ்டிமேட்டில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தூரத்தைக் குறைத்துப் போட்டிருந்தால் ஒப்பந்ததாரர் கரையைத் தாண்ட மாட்டார்.

அடுத்தது லெவல், அதாவது தரைமட்ட அளவு. ஜேசிபி உள்ளே இறங்குவதற்கு முன் 5 மீட்டர் கட்டம் போட்டு, 130 புள்ளியில் லெவல் எடுத்து எம் புக்கில் (பில்லுக்கு ஆதாரமான அளவுப் புத்தகம்) ஏற்றி, ஒப்பந்ததாரர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். எல்லா லெவலையும் ஒப்பிடும் பி.எம். (பெஞ்ச் மார்க்) புள்ளியை அசையாத ஒன்றில் வையுங்கள், கோயில் வாசல் கருங்கல் படி நல்லது. வேலையில் பெயர்க்கப் போகிற படித்துறையில் வைத்துவிட்டுப் பிறகு தேடக் கூடாது. சராசரியில் 10 செ.மீ. தவறினாலே 270 கன மீட்டர் வித்தியாசம் வரும், மொத்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். தணிக்கையில் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

வரத்துக்கால் எழுதியது:
அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ஊரணி யார் பெயரில் இருக்கிறது? செட்டிநாட்டில் நகரத்தார் வெட்டிய ஊரணிகள் நிறைய. அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) ஊரணிப் புறம்போக்கு என்று இருந்தால் பிரச்சினை இல்லை. கோயில் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ இருந்தால் எழுத்தில் தடையில்லாக் கடிதம் வாங்காமல் டெண்டர் விடாதீர்கள். வாய்ச்சொல் போதாது, வேலை பாதியில் நிற்கும்.

வரத்துக்காலுக்கு எஸ்டிமேட்டில் நீளம் மட்டும்தான் போட்டிருப்பார்கள். புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவு வரைபடம்) வைத்துக்கொண்டு பிர்கா சர்வேயரோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே பட்டா நிலத்துக்குள் போகிறது, எங்கே வீட்டுச் சுவர் ஏறியிருக்கிறது என்று தெரியும். 20 மீட்டருக்கு ஒரு லெவல் எடுங்கள். ரோட்டுக்குக் கீழே போகும் குழாய்ப் பாலத்தின் அடிமட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். மேல்பக்கக் கால்வாயின் தரையைவிட அது உயரமாக இருந்தால் எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் ரோட்டோரமே தேங்கும். அந்தப் பாலத்தில் ஊராட்சி கை வைக்க முடியாது என்றால் ரோட்டுக்காரத் துறைக்குக் கடிதம் இன்றே போகட்டும்.

செம்மண்காடு கேட்டது:
நன்றி அண்ணே. படித்துறை பழைய செம்புறாங்கல். எஸ்டிமேட்டில் சிமெண்ட் பூச்சு இருக்கிறது, அப்படியே விடலாமா? மழை முந்திக்கொண்டால் பில் என்னாவது?

எம்புக் எழுதியது:
பூச்சை எடுத்துவிடுங்கள். செம்புறாங்கல் தண்ணீர் குடிக்கும் கல். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டு மூன்று மழையில் பூச்சு பத்தை பத்தையாகக் கழன்று வரும், கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு. சுண்ணாம்புச் சாந்து 1:3, இணைப்புகளில் மட்டும் போதும். விலைப்பட்டியலில் அந்த இனம் இல்லையென்றால் தனி விலை ஆய்வு வைத்து, தொழில்நுட்ப அனுமதியிலேயே சேர்த்துவிடுங்கள். வேலை உத்தரவுக்குப் பிறகு மாற்றினால் திருத்திய மதிப்பீடு என்று இன்னொரு மாதம் போய்விடும். சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் குழியில் ஊற வேண்டும். ஜேசிபி வரும் அன்றே குழியும் நிரம்பட்டும்.

இன்னொன்று, ஜேசிபி படியின் அடியை ஒட்டி வெட்டக் கூடாது. ஒன்றரை மீட்டர் திட்டு விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிற்கிற படியும் சரியும்.

வரிசை இப்படி வையுங்கள்: முதலில் வரத்துக்கால், கூடவே தூர்வாரல், அடுத்து தண்ணீரில் மூழ்கும் கீழ்ப்படிகள். மேல்படிகளை தை, மாசியில் செய்துகொள்ளலாம். மழை முந்தினால் அதுவரை வெட்டியதற்கு லெவல் எடுத்து பார்ட் பில் போடுங்கள். மீதிக்குக் கால நீட்டிப்பு எழுதுங்கள். நிதி காலாவதியாகிறதே என்று வெட்டாத மண்ணை வெட்டியதாக எம் புக்கில் ஏற்றச் சொல்லுவார்கள். எழுதியவர் தலையில்தான் விடியும்.

கடைசி லெவலைத் தண்ணீருக்குள் ஸ்டாஃபை (லெவல் எடுக்கும் அளவுகோல்) விட்டு எடுக்காதீர்கள். அது சேற்றில் அரை சாண் இறங்கும், அளவு அந்த அளவுக்குக் கூடிக் காட்டும். மோட்டார் வைத்து இறைத்தாவது தரை தெரிந்த பிறகு எடுங்கள்.