மொழிய மாத்துனா மாநிலமும் மாறுது: ஏலக்கா கடை வெப்சைட்டுக்கு வழி சொல்லுங்க

குமுளி கடைக்காரன்:
வணக்கம்ணே. குமுளில செக்போஸ்ட்டுக்கு கூப்பிடுற தூரத்துல நமக்கு ஏலக்கா, மிளகு கடை. தேக்கடி பாக்க வர்றவங்க ஊருக்குப் போயும் கேக்குறாங்கன்னு போன வருசம் ஒரு தம்பிய வச்சு வெப்சைட் போட்டோம். அவரு என்ன பண்ணிருக்காருன்னா, ஆளு கேரளால இருந்தா மலையாளம், தமிழ்நாட்டுல இருந்தா தமிழ்னு சைட்டே முடிவு பண்ணிக்குது. அதோட விட்டாரா, தமிழ்ல பாத்தா அட்ரஸ்ல தமிழ்நாடுன்னு தானா விழுந்துரும், மாத்தவும் முடியாது. வண்டிப்பெரியாறு, பூப்பாறைப் பக்கம் எவ்வளவோ தமிழ் ஆளுக இருக்காங்க, அவங்க ஆர்டர் போட்டா பின்கோடு கேரளாவோட 685ல ஆரம்பிக்குது, மாநிலம் தமிழ்நாடு, கடையும் ஆளும் கேரளாவுலயே இருந்தும் பில்லு ஐஜிஎஸ்டில, அதாவது வெளி மாநிலத்துக்கு விக்குறப்ப போடுற வரில போகுது. ஆடிட்டர் காதுல ரத்தம் வர்ற அளவுக்குத் திட்டுறாரு. பாதிப்பேரு ஃபார்ம நடுவுல விட்டுட்டு போன் போட்டு "நீங்களே எழுதிக்கங்க"ங்குறாங்க. எங்கிட்டு கை வைக்குறது?

கம்பத்துக்காரன்:
மொழி வேற, ஊரு வேற, வரி வேற. மூணையும் ஒரே முடிச்சுல போட்டதுதான் வினை. மொபைல் நெட்டுல ஐபி (நெட் கனெக்‌ஷனோட நம்பர்) வச்சு ஊரக் கண்டுபுடிக்கறதே கோளாறு, குமுளில உக்காந்துருக்கவன சென்னைன்னு கூட காட்டும். போன்ல வச்சுருக்க மொழிய முதல் தடவைக்கு எடுத்துக்கங்க, அப்புறம் அவங்க மாத்துனா அதயே ஞாபகம் வச்சுக்கணும். மாத்துற பட்டன் மேலயே தெரியட்டும், மூணு கோடு மெனுவுக்குள்ள ஒளிக்காதீங்க. மலையாளம்ங்குறத மலையாள எழுத்துலயே போடுங்க. கொடி படம் வேணாம், ரெண்டுக்கும் ஒரே கொடிதானப்பா!

மாநிலத்துக்கு 28 மாநிலம், 8 யூனியன் பிரதேசம்னு 36 பேரு ஓடுற லிஸ்ட்ட தூக்கிருங்க. பின்கோட முதல்ல கேளுங்க, ஆறு நம்பர் விழுந்ததும் மாவட்டமும் மாநிலமும் தானா நிரம்பட்டும், ஆனா திருத்தறதுக்கு விடணும். அந்தக் கட்டத்துக்கு நம்பர் கீபோர்டு வரணும். பில்லுல உள்மாநில வரியா ஐஜிஎஸ்டியாங்கறது சரக்கு போய்ச் சேர்ற மாநிலத்த வச்சுத்தான் பிரியணும், மொழிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நகரி மாப்ள:
இன்னொன்னு சேத்துக்கோங்க. நான் ஆந்திரா பக்கம் நகரில இருக்கேன், வீட்ல எல்லாரும் பேசுறது தமிழ்தான், ஆனா என் மச்சான் தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து ஒரு வரி படிக்க வராது. சைட்டு தமிழ்ல வந்தா என்கிட்ட போன நீட்டி "இது இன்னா சொல்லு"ங்குறான். உங்க பக்கம் மலையாள மீடியத்துல படிச்ச பசங்களுக்கும் இதே கதையாத்தான் இருக்கும். பேசுற மொழி, படிக்கிற மொழி ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க.

கவுண்டர் அண்ணாச்சி:
இதெல்லாம் சரி தம்பி, புரோகிராம் எழுதுற முன்ன ஒரு வேல செய்யும். கடைக்கு வர்ற ஆள்ட்ட போனக் குடுத்து கால் கிலோ ஏலம் வாங்கச் சொல்லிட்டு, வாயத் தொறக்காம பக்கத்துல நில்லும்.

குமுளி கடைக்காரன்:
அண்ணாச்சி சொன்னபடி நேத்து பக்கத்து டீக்கடை அண்ணன்ட்ட குடுத்தேன். ஏலக்கா 7 எம்எம்மா 8 எம்எம்மாங்கறதுல அவருக்குக் குழப்பமே இல்ல. ஆனா கட்டத்துக்கு உள்ள "வீட்டுப் பேர்"னு மங்கலா எழுதிருந்தது டைப் பண்ண ஆரம்பிச்சதும் மறைஞ்சிருச்சு, எதக் கேட்டாங்கன்னு மறந்துட்டு ரெண்டு தடவ அழிச்சாரு. கடைசில "வாங்கு" பட்டன் மேலயே பச்சை வாட்சப் வட்டம் உக்காந்துருக்கு, அவரு வாங்குன்னு அமுக்க அமுக்க எனக்கே வாட்சப் ஓபன் ஆகுது. இத்தன நாளா அப்பிடித்தான் எல்லாரும் போன் போட்டுருக்காங்க போல!

கம்பத்துக்காரன்:
அந்த வட்டத்த இன்னைக்கே நகத்துங்க. கட்டத்தோட பேரு உள்ள வேணாம், மேல நிரந்தரமா இருக்கட்டும், கட்டத்துக்குள்ள டைப் பண்ற எழுத்து 16 பிக்சலுக்குக் கொறஞ்சா ஐபோன்ல கட்டத்தத் தொட்டதும் ஸ்கிரீன் பெருசாகும், பாத்துக்கங்க. பட்டன் உயரம் 44 பிக்சலாவது வைங்க. வெப்சைட்ட எல்லாரும் சிரமமில்லாம பயன்படுத்தறதுக்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டில குறைஞ்சது 24னுதான் இருக்கு, ஆனா தோட்டத்துல வேல செஞ்ச விரலுக்கு அது பத்தாது. அப்புறம் அந்த வெள்ளை மேல இளம்பச்சை எழுத்து... ஏலக்கா கலர்னு தம்பி ஆசப்பட்டுருப்பாரு. வெயில்ல ஒண்ணும் தெரியாதுண்ணே, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், அதான் கான்ட்ராஸ்ட், 4.5க்கு 1 இருக்கான்னு பாத்து கரும்பச்சையாக்கச் சொல்லுங்க.

குமுளி கடைக்காரன்:
வட்டத்த நகத்தியாச்சு. மாநிலப் பூட்டத் தொறக்க ரெண்டு நாள் கேட்டுருக்காரு தம்பி, அதுவரைக்கும் பில்ல நானே உக்காந்து திருத்திட்டு இருக்கேன்.