தோற்றிருந்தால் லெமே தூக்குமேடை ஏறியிருப்பாரா?

வைகைக்கரை:
ஹிரோஷிமாவைப் பேசுகிற அளவுக்கு டோக்கியோவை யாரும் பேசுவதில்லை. 1945 மார்ச் 9 நள்ளிரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் அங்கே செத்தவர்கள் ஏறக்குறைய 1,00,000 பேர். சுமார் 280 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து வந்து, மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற குடியிருப்புகள்மேல் நாபாம் என்ற தீக்குண்டுகளைக் கொட்டின. சுமிதா ஆற்றில் குதித்தவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. நாற்பது சதுர கிலோமீட்டர் சாம்பல்.

திட்டம் போட்டவர் அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமே. அவருக்குக் கீழே புள்ளிவிவரம் பார்த்தவர், பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் மெக்நமாரா. 'தோற்றிருந்தால் நம்மைப் போர்க்குற்றவாளிகள் என்று நிறுத்தியிருப்பார்கள்' என்று லெமேயே சொன்னதாக மெக்நமாரா தன் கடைசிக் காலத்தில் கேமரா முன்னால் சொன்னார். ஜெயித்துவிட்டான் என்பதற்காகக் குற்றம் இல்லாமல் போய்விடுமா? இதுதான் என் கேள்வி.

ரப்பர்காட்டான்:
வைகை அண்ணே, உங்கள் கணக்கோடு எங்கள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தாத்தாவின் அண்ணனை ஈப்போ பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில், அதாவது தாய்லாந்து-பர்மா ரயில் பாதை, போடக் கொண்டுபோனான் ஜப்பான்காரன். மூன்று மாத வேலை என்றுதான் பேச்சு. பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர் கத்தியையும் வாளியையும் லயத்து வாசலில் வைத்துவிட்டு லாரி ஏறினார். அந்த வாளியை யாரும் எடுக்கக்கூடாது என்று கொள்ளுப்பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

415 கிலோமீட்டர் பாதை. வாந்திபேதி, பட்டினி, அடி. செத்த ஆசியத் தொழிலாளிகள் 90,000 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அதில் பாதியாவது மலாயாத் தமிழர்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு, ஒழுங்காக எழுதிவைக்கத்தான் ஆளில்லை. அந்தப் பாதையில் இருக்கும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஏது? அந்த ராணுவத்தை மண்டியிட வைத்தவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று எங்களால் கேட்க முடியாது.

வைகைக்கரை:
தம்பி, உங்கள் வீட்டுத் துக்கத்தில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் ரயில் பாதை 1943 அக்டோபரிலேயே போட்டு முடிந்துவிட்டது. டோக்கியோவில் வெந்தவர்களா உங்கள் தாத்தாவின் அண்ணனைக் கூட்டிப்போனார்கள்? கூட்டிப்போனவன் செய்தது கொலை என்றால் லெமே செய்ததற்கு வேறு பெயர் ஏன்?

ரப்பர்காட்டான்:
பாதை முடிந்தது, ஆட்களை விடவில்லையே. பழுதுபார்க்க, விறகு வெட்ட என்று அங்கேயே வைத்திருந்தான். மிஞ்சியவர்கள் திரும்பியது ஜப்பான் சரணடைந்த பிறகுதான். போர் ஒரு மாதம் நீண்டால் ஒரு மாதத்துச் சாவு. சயாமில் மட்டுமா, சீனாவில், பிலிப்பைன்ஸில் எல்லாம். மணிலாவில் 1945 பிப்ரவரியில் என்ன நடந்தது என்று படியுங்கள். டோக்கியோவுக்கு ஒரு மாதம் முன்னால், அங்கேயும் 1,00,000 பேர்.

சும்மாவந்தவன்:
போர் என்றால் அப்படித்தான். இதில் நியாயம் அநியாயம் பார்ப்பது வெட்டி வேலை.

வைகைக்கரை:
அப்படியானால் ஜப்பான் படை சீனாவின் நான்ஜிங்கில் செய்த படுகொலையும் 'அப்படித்தான்' ஆகிவிடும். சயாம் ரயிலும். ரப்பர்காட்டானிடம் போய்ச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

ஒசாகாவாசி:
ஏழு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன். ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. உள்ளே சோறு கரிக்கட்டையாக அப்படியே. பள்ளிக்கூடப் பையனுடையது. அவன் அன்று காலை வகுப்பில் இல்லை. தெருவில் வீடு இடிக்கும் வேலையில் இருந்தான். டோக்கியோ மாதிரித் தீ வைத்தால் பரவாமல் இருக்க, வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அரசாங்கம் வேலைக்கு இறக்கியிருந்தது. 8.15-க்குக் குண்டு. வெட்டவெளியில் நின்ற அந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். லெமேக்குப் பயந்து தெருவுக்கு வந்தவர்கள் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனிடம் மாட்டினார்கள்.

ட்ரூமன் ஜூலை 25 டைரியில், பெண்களும் குழந்தைகளும் அல்ல, ராணுவ இலக்குகள்தான் குறி என்று எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 9 வானொலியில் ஹிரோஷிமாவை ராணுவத் தளம் என்றார். மறுநாள் அமைச்சர்களிடம், இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே முடியவில்லை, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லி, தன் உத்தரவு இல்லாமல் அடுத்த குண்டு போடக்கூடாது என்று நிறுத்தினார். மூன்றையும் வரிசையாகப் படித்தால் அவருக்குத் தெரிந்தேதான் நடந்தது, தெரியாத மாதிரி இருக்கப் பார்த்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ரப்பர்காட்டான்:
நிறுத்தினார் இல்லையா? ஜப்பானின் போர்க்காலப் பிரதமர் டோஜோ எதை நிறுத்தினான்?

ஒசாகாவாசி:
நாகசாகிக்கு அப்புறம் நிறுத்தினார். அந்த மூன்று நாள் இடைவெளிக்கு உங்களிடம் என்ன சமாதானம்? அதுவும் முதல் குறி கொக்குரா. மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. எந்த ஊர் சாவது என்பதை அன்று காலை வானிலை முடிவு செய்தது.

ரப்பர்காட்டான்:
சரி, நாகசாகிக்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஹிரோஷிமாவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோர்ட்டுப்பட்சி:
ராதாபினோத் பாலை யாருமே இழுக்கவில்லையே, ஆச்சரியம். போருக்குப் பிறகு ஜப்பான் தலைவர்களை விசாரித்த டோக்கியோ விசாரணையில் இருந்த இந்திய நீதிபதி. ஜெயித்தவன் தோற்றவனை விசாரிப்பது நீதி ஆகாது என்று எல்லோரையும் விடுவிக்கச் சொல்லித் தனித் தீர்ப்பு எழுதினார். அணுகுண்டு போட்ட முடிவையும் அதில் சாடினார்.

ரப்பர்காட்டான்:
அவருக்கு யாசுகுனி கோயிலில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களைக் கொன்றவர்களைக் கும்பிடும் இடத்தில். இதுவா நீதி?

கோர்ட்டுப்பட்சி:
கல் வைத்தவர்கள் தீர்ப்பை முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். ஜப்பான் படைகள் கொடுமை செய்ததற்குச் சாட்சியம் மலைபோல் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவே இல்லை. அவருடைய சண்டை சட்டத்தோடு. நடக்கும்போது குற்றம் என்று எழுதப்படாத ஒன்றுக்குப் பின்னால் எப்படித் தண்டிப்பது என்று கேட்டார். அந்த அளவுகோல் லெமேக்கும் பொருந்தும், வைகை சார். ஊரையே ஒரே இலக்காக எடுத்துக் குண்டு போடுவதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாகத் தடுத்தது 1977-ல்தான். பாலின் தீர்ப்பை வைத்துக்கொண்டு லெமேயைத் தூக்கில் போட முடியாது.

வைகைக்கரை:
சட்டப்படி முடியாது, சரி. நான் கேட்டது சட்டம் மட்டும் இல்லை. இன்றைக்கு ஒரு தளபதி அதே கணக்கைப் போட்டால் லெமேயைக் காட்டித்தானே தப்பிக்கப் பார்ப்பான்?

ஒசாகாவாசி:
இரண்டு பேரும் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். 1945 பிப்ரவரியில், மார்ச் தீக்கு ஒரு மாதம் முன்னால், முன்னாள் பிரதமர் கொனோயே பேரரசரைப் பார்த்துத் தோல்வி நிச்சயம், போரை முடியுங்கள் என்றார். ஒரு வெற்றி கிடைத்த பிறகு பார்க்கலாம் என்ற மாதிரி ஹிரோஹிட்டோ தள்ளிவிட்டார். அந்த 'பிறகு'வில் டோக்கியோ, ஒகினாவா, இரண்டு குண்டு எல்லாம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 9 அன்றுகூட ஜப்பானின் உச்சப் போர்க்குழு சரணடையும் நிபந்தனைகள் பற்றி மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நின்றது. ஹிரோஹிட்டோவை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்தவில்லை. அமெரிக்காவுக்கு அவர் தேவைப்பட்டார்.

ரப்பர்காட்டான்:
அதைத்தான் அண்ணே நானும் சொல்கிறேன், முதல் பாவம் அவர்கள் பக்கம்.

ஒசாகாவாசி:
முழுதாகக் கேளுங்கள். 1964-ல் ஜப்பான் அரசாங்கம் அதே லெமேக்கு உதயசூரியன் விருது கொடுத்தது. முதல் வகுப்பு. தற்காப்பு விமானப்படையை உருவாக்க உதவினாராம். மார்ச் 10-ல் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும் தப்பிப் பிழைத்தவர்களும் நஷ்ட ஈடு கேட்டு 2007-ல் தங்கள் அரசாங்கத்தின்மேலேயே வழக்குப் போட்டார்கள். சிப்பாய் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு, குண்டில் வெந்த பொதுமக்களுக்குக் கிடையாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

ரப்பர்காட்டான்:
விருது விஷயம் எனக்குத் தெரியாது. லெமேக்கா?

ஒசாகாவாசி:
லெமேக்கேதான்.