பழைய மோட்டார் ஹோம்: ஆயில் முதலில் ரேடியேட்டருக்கா, கூலருக்கா?

பழைய_இரும்பு:
நெடும்பயணி கேட்டது எளிய கேள்வி. 1976ஆம் ஆண்டு ஜி.எம்.சி. மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி), 26 அடி, 455 கன அங்குல எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 425 தானியங்கி கியர்பாக்ஸ். நீண்ட ஏற்றங்களில் கியர்பாக்ஸ் ஆயில் சூடேறுகிறது, ரேடியேட்டர் தொட்டிக்குள் ஓடும் ஆயில் குழாயோடு கூடுதலாக, காற்றில் ஆயிலைக் குளிர்விக்கும் தனிக் கூலர் ஒன்று வேண்டும், எது நல்லது என்றார். அதற்கு வெப்பமானி எழுதிய பதில்: "ஆயில் முதலில் கூலருக்குப் போகட்டும், ரேடியேட்டர் கடைசியில் வரட்டும். மாற்றிச் செய்பவர்கள் விவரம் அறியாதவர்கள்." இதைப் படித்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஏற்றத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் நீர்) 100 டிகிரியை நெருங்கும்போது, கூலர் பாடுபட்டு 80க்கு இறக்கிய ஆயிலை மறுபடியும் ரேடியேட்டர் தொட்டிக்குள் விட்டுச் சூடாக்கித் திருப்பி அனுப்புவது என்ன நியாயம்? ரேடியேட்டர் முதலில், கூலர் கடைசியில். இதில் பேச்சுக்கே இடமில்லை.

வெப்பமானி:
பேச்சுக்கு இடமில்லை என்பவர்தான் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். கணக்கைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து 130 டிகிரியில் வரும் ஆயில் நேராகக் கூலருக்குப் போனால், 30 டிகிரி வெளிக்காற்றோடு 100 டிகிரி வேறுபாடு. ரேடியேட்டரில் 95க்கு இறங்கிய பிறகு போனால் 65தான். வேறுபாடு கூடினால் வெளியேறும் வெப்பமும் கூடும். ரேடியேட்டரின் சுமை குறையும், எஞ்சினும் பிழைக்கும். குளிர்காலத்தில் கூலர் ஆயிலை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிட்டாலும், கடைசியில் ரேடியேட்டர் அதைத் தேவையான சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

பழைய_இரும்பு:
கூலர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதா கேள்வி? கியர்பாக்ஸுக்குள் திரும்பிப் போகும் ஆயில் எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி. 425இல் டார்க் கன்வர்ட்டருக்கு, அதாவது எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதிக்கு, வழுக்கலை நிறுத்தும் பூட்டு கிளட்ச் கிடையாது. ஏற்றத்தில் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கும் அளவுக்குச் சூடு பிறந்துகொண்டே இருக்கும். 80 டிகிரியில் நீண்ட நாள் உழைக்கும் ஆயில், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது கியர்பாக்ஸ் பிரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தோராயக் கணக்கு. 115ஐத் தாண்டினால் கெட்டுப்போன ஆயில் வார்னிஷ் போலப் படியத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் சீல்கள் இறுகிவிடும். ஆகவே கடைசியில் இருக்க வேண்டியது குளிர்ந்த காற்று. கொதிக்கும் கூலன்ட் அல்ல.

மௌனசாட்சி:
நீங்கள் இருவரும் சொல்லும் டிகிரி எங்கே அளந்தது? கன்வர்ட்டரிலிருந்து வெளியேறும் குழாயிலா, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனிலா? ஏற்றத்தில் இவ்விரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். அதை முதலில் முடிவு செய்யாமல் 95, 130 என்று பேசிப் பயனில்லை.

பழைய_இரும்பு:
எங்கே அளந்தாலும் ரேடியேட்டர் முதலில்தான்.

வெப்பமானி:
எங்கே அளந்தாலும் கூலர் முதலில்தான். ஒன்று கவனியுங்கள். கியர்பாக்ஸ் குழாய் இருப்பது ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத் தொட்டியில். அங்கே கூலன்ட் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். நீங்கள் காட்டும் 100 டிகிரி எஞ்சின் தலையில் இருப்பது. பயமுறுத்துவதற்காக எண்ணை ஏற்றிச் சொல்லாதீர்கள்.

கிரீஸ்_கை:
இரண்டுமே வேண்டாம். ரேடியேட்டரை முழுவதும் விலக்கிவிட்டு, பெரிய அடுக்குத் தகட்டுக் கூலர், அதற்கு ஒரு மின்விசிறி, ஒரு தெர்மோஸ்டாட் போதும். பழைய ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயில் அளவுக் கம்பியை இழுத்தால் இளஞ்சிவப்பு நுரை ஒட்டிக்கொண்டு வரும். கூலன்டிலிருந்து கிளைக்கால் கலந்த ஆயில் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சை உரித்துவிடும். பிறகு கூலர் எங்கே இருந்தால் என்ன?

பழைய_இரும்பு:
கிரீஸ்_கை ஆலோசனை சொல்ல வந்துவிட்டார். பழைய கியர்பாக்ஸில் டெக்ஸ்ரான் 6 என்ற கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றக் கூடாது, சீல் கரைந்துவிடும் என்று இங்கே வாதாடியவர் இவர்தான். பழைய வகையான டெக்ஸ்ரான் 3க்கு மாற்றாகப் பயன்படும்படியாகத்தான் அது வந்தது என்று எடுத்துக்காட்டிய பிறகும் வாய் திறக்கவில்லை.

கிரீஸ்_கை:
அது வேறு பேச்சு. உங்களுக்கு வாதம் தீர்ந்துபோனால் பழைய கணக்கைத் தோண்டுவீர்கள். என் வண்டியில் இன்றும் டெக்ஸ்ரான் 6 கிடையாது, இனியும் இருக்காது.

நெடும்பயணி:
ஐயா, நான் கேட்டது குழாய்க் கூலரா, அடுக்குத் தகட்டுக் கூலரா என்றுதான்.

பழைய_இரும்பு:
தகட்டுக் கூலர். இதில் யோசிக்க வேண்டியதில்லை. 425உம் சேர்ந்த 400 குடும்பக் கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் பேரிங்குகளுக்கும் புஷ்களுக்கும் உயவாகப் போகிறது. ஒரே நீளக் குழாயை வளைத்து வளைத்துச் செய்த கூலர் ஓட்டத்தை நெரிக்கும். தகட்டுக் கூலரில் பல வழிகள் இருப்பதால் நெரிசல் குறைவு. பொருத்தியதும் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். 20 நொடியில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ அடைப்பு. அளவு பார்க்கும்போது கூலர் பெட்டியில் எழுதியிருக்கும் மொத்த வண்டி எடையைப் பாருங்கள். உங்கள் வண்டியின் முழுச்சுமை எடைக்கு மேல் ஒரு படி வாங்குங்கள். அதை ரேடியேட்டருக்குப் பிறகு இணையுங்கள். பிறகு என்று சொன்னேன், வெப்பமானி படித்துக்கொள்ளட்டும்.

வெப்பமானி:
படித்தேன். தகட்டுக் கூலர் என்பதை நேற்றே நான் எழுதிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு தன் கண்டுபிடிப்பாகக் காட்டுகிறார். ஆனால் குளிர்காலத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. உறைபனிக் காலையில் கூலர் கடைசியில் இருந்தால் கெட்டியான ஆயில் நேரே கியர்பாக்ஸுக்குள் போகும்.

பழைய_இரும்பு:
பல தகட்டுக் கூலர்களில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பெரும்பகுதி மேல்வழியாகவே ஒதுங்கிப் போய்விடும். தகடுகளுக்குள் நுழையாது. இது தெரியாமல்தான் இத்தனை நாள் மற்றவர்களை அறியாதவர்கள் என்றீர்களா?

கிரீஸ்_கை:
ஹோஸ் கிளாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. திருகு கிளாம்ப் போட்ட ரப்பர் ஹோஸ் ஓட்டத்தில் கழன்றால், ஆயில் தெறித்துச் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழும். வண்டியே எரியும். ஹோஸும் ஆயிலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், எரிபொருள் ஹோஸ் கூடாது.

பழைய_இரும்பு:
அதற்குத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு வரிசையைப் பற்றி.

மௌனசாட்சி:
சென்சார் எங்கே என்று கேட்டேன்.

வெப்பமானி:
வரிசையைப் பற்றித்தானே? கூலர் முதலில். இவர் இன்னும் பத்து முறை எழுதினாலும் என் வண்டியில் குழாயை மாற்றப் போவதில்லை.

பழைய_இரும்பு:
மாற்ற வேண்டாம். ஏற்றத்தின் உச்சியில் நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயின் சூட்டை அளந்து இங்கே எழுதுங்கள். கைவசம் எண் இல்லாதவரோடு நான் பேசப் போவதில்லை. ரேடியேட்டர் முதலில்.

வெப்பமானி:
உங்கள் எண்ணை முதலில் எழுதுங்கள்.