விளக்குக் கடைக்கு வாடிக்கையாளர் கருத்து கேட்க எது சரிப்படும்?

விளக்குக்கடை, நாச்சியார்கோயில்:
வணக்கம். பின்னால் பட்டறை, முன்னால் கடை. அன்ன விளக்கு, கிளை விளக்கு செய்கிறோம். அப்பா காலத்தில் குறை என்றால் விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்கள். உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, திருகு மரையைச் சரிசெய்து அனுப்புவார். இப்போது பாதி விற்பனை பார்சலில்.

போன மாதம் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, ‘எண்ணெய் ஒழுகுகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார். எந்த விளக்கு, ஒழுகுவது தட்டிலா மரையிலா, ஒன்றும் இல்லை. பெயரை வைத்துப் பில் புத்தகத்தில் தேடியே அரை நாள் போச்சு. கடைசியில் வார்ப்பில் குறையே இல்லை. தண்டையும் தட்டையும் பூட்டும்போது மரை கோணலாக ஏறியிருக்கிறது. போனில் சொன்னதும் அவரே கழற்றிப் பூட்டினார், ஒழுக்கு நின்றுவிட்டது. ஸ்டார்தான் அப்படியே நிற்கிறது.

ஒரு மென்பொருள்காரர் மாதம் இரண்டாயிரம் கட்டினால் எல்லாம் ஒரே திரையில் வரும் என்கிறார். மகள் கூகுள் ஃபார்ம் போதும் என்கிறாள். ஐந்து ஸ்டார் போடுபவர்களுக்குச் சின்னக் காமாட்சி விளக்கு இலவசம் என்று அறிவிக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை.

திருபுவனம் பட்டு:
அண்ணே, ஃபார்ம் நானும் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு கேள்வி. நூறு பேருக்கு அனுப்பியதில் நிரப்பியது நாலு பேர், அதில் ஒருவர் என் மச்சான். இப்போது வாட்ஸ்அப் பிசினஸ்தான். பார்சல் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரே கேள்வி: ‘சேலையைப் பிரித்துப் பார்த்தீர்களா, மனசுக்குப் பிடித்ததா?’ குயிக் ரிப்ளையில் போட்டு வைத்திருப்பதால் தினமும் டைப் அடிக்க வேண்டாம். பதில் முக்கால்வாசி வாய்ஸ் மெசேஜில் வரும், நாலு நிமிஷம் பேசுவார்கள், கேட்டுத்தான் ஆகணும். குறை என்றால் அந்த சாட்டுக்கு ‘குறை’ லேபிள். ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே தடவையில் அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான் அடங்கும், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பில் போடும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூர் டிஜிட்டல்:
காமாட்சி விளக்கை மறந்துவிடுங்கள் சார். பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு விரோதம். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொல்வதும் அப்படித்தான். அந்த ஒரு ஸ்டாருக்குக் கீழேயே, மரையை எப்படிப் பூட்ட வேண்டும் என்று பொறுமையாகப் பதில் எழுதுங்கள். அடுத்து வாங்க வருபவர் அதையும் படிப்பார். அந்த அம்மாவுக்கு மனசிருந்தால் ஸ்டாரை அவரே திருத்தலாம், கேட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் இப்போதைக்கு வீண். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செய்திகளை மெட்டா பிசினஸ் சூட் காசில்லாமல் ஒரே இடத்தில் காட்டும். இலவசம் என்று எதையும் முழுசாக நம்பவும் வேண்டாம். பல சமூக ஊடகக் கணக்குகளை ஒரே திரையில் காட்டும் ஹூட்சூட் மென்பொருள் 2023இல் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது. நம்பர்களையெல்லாம் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

விளக்குக்கடை, நாச்சியார்கோயில்:
சரி, காமாட்சி விளக்கு விற்பனைக்கே இருக்கட்டும். பூட்டும் முறையை மகள் பட்டறையிலேயே வீடியோ எடுத்துவிட்டாள். 40 வினாடி, நான் பேசுவதைவிட சுத்தியல் சத்தம்தான் அதிகம். அதற்குக் கியூஆர் அட்டை அடித்துப் பார்சலில் வைக்கலாம் என்றால், நாங்கள் சுற்றுவது வைக்கோல். அட்டை அதற்குள் காணாமல் போய்விடுமே?

திருபுவனம் பட்டு:
அன்னத்தின் கழுத்தில் கட்டிவிடுங்கள் அண்ணே.