கோத்தகிரியில் இருக்கும் ராஸ்ப்பெரி பையில் அப்டேட் ஓடவில்லை

மழைக்கணக்கன்:
கோத்தகிரிக்குக் கீழே, அப்பாவின் தேயிலைத் தோட்டத்து வீட்டில் ராஸ்ப்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். மழைமானியின் கிண்ணம் கவிழும் ஒவ்வொரு முறையும் 0.2 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்வதுதான் அதன் வேலை. நான் இருப்பது கோயம்புத்தூரில். இரவில் இங்கிருந்தபடியே உள்ளே நுழைந்து பார்ப்பேன்.

திங்கள்கிழமை சில்வர் ஓக் மரம் ஒன்று மின்கம்பி மேல் சாய்ந்து, வியாழன் மதியம்தான் மின்சாரம் வந்தது. பை தானாக எழுந்துகொண்டது. ஆனால் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பட்டியலோடு வரும் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, அதற்கு இன்னும் 2 நாள் 3 மணி நேரம் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடுகிறது. நாளை மறுநாள் துளிர்க்கும் கொழுந்தை இன்றே கிள்ளிவிட்டேன் என்று கணக்குப்பிள்ளை அதட்டுவதுபோல் இருக்கிறது. எஸ்டி கார்டு போய்விட்டதா? அப்பாவைக் கேட்டால் "சிவப்பு எரிகிறது, பச்சை மினுக்குகிறது" என்பார், அவ்வளவுதான். கார்டை மாற்ற வேண்டுமென்றால் நான் மலையேற வேண்டும்.

வழிப்போக்கன்:
ஆப்டில் தேதிச் சரிபார்ப்பை நிறுத்தி வைக்க ஓர் அமைப்பு உண்டு. அதைக் கொடுத்து ஓட்டிவிடுங்கள்.

குன்னூர் பழுதுக்காரன்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கார்டு மீதும் பழி போட வேண்டாம். பை 4 அணைந்தால் நேரத்தைக் காக்க அதில் கடிகாரமே கிடையாது. போலிக் கடிகார நிரல் ஒன்று மணிக்கு ஒருமுறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும், எழும்போது பை அங்கிருந்தே தொடங்கும். அதனால் உங்கள் பைக்கு இன்னும் திங்கள்கிழமைதான். அதன் கணக்கில் அந்த வெளியீட்டுக் கோப்பு எதிர்காலத்தில் பிறந்தது. (அந்த 2 நாள் 3 மணி நேரம் மின்வெட்டின் நீளம் அல்ல, கோப்பின் தேதிக்கும் உங்கள் கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி.)

இணையம் வந்ததும் நேரச் சேவையகத்தைக் கேட்டுத் தானே திருத்திக்கொண்டிருக்க வேண்டும். ஏன் திருத்தவில்லை? டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொடுத்து, நேரம் ஒத்திசைந்ததா என்று பாருங்கள். அண்மையில் ரவுட்டர் மாற்றினீர்களா? நேரம் கேட்கும் வழியான யூடிபி போர்ட் 123 சில இணைப்புகளில் அடைபட்டிருக்கும்.

மழைக்கணக்கன்:
ஒத்திசையவில்லை என்றுதான் வருகிறது. போன மாதம் சிம் போடும் ரவுட்டருக்கு மாறினோம்.

இப்போது அப்டேட் கவலை போய் வேறு கவலை வந்துவிட்டது. அப்பா தினமும் காலை 8.30-க்குக் கண்ணாடிக் குவளையில் மழையை அளந்து நோட்டில் எழுதுபவர். வெள்ளி காலை நோட்டில் 38 மில்லிமீட்டர். பையில் வெள்ளி என்ற நாளே இல்லை. 187 கவிழ்ப்பு, 37.4 மில்லிமீட்டர், எல்லாம் திங்கள் இரவில் கிடக்கிறது. "உன் பெட்டிக்குக் கிழமை தெரியவில்லை" என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன். ரவுட்டர் மாறியதிலிருந்து ஒவ்வொரு மின்வெட்டுக்கும் இப்படித்தான் பின்தங்கியிருக்கிறது.

குன்னூர் பழுதுக்காரன்:
முதலில் தேதியைக் கையால் கொடுங்கள், அப்டேட் ஓடும். பிறகு எச்டிபிடேட் என்ற நிரலை நிறுவுங்கள். இணையதளங்கள் பதிலோடு அனுப்பும் தேதியை வைத்து நேரத்தைத் திருத்தும். நொடிக் கணக்கில் துல்லியம், மழைக்கு அது போதும். நிலையான தீர்வு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு, பட்டன் பேட்டரியோடு. பையை முறையாக அணைத்துவிட்டு, உள் வரிசையின் 1, 3, 5, 7, 9 பின்களில் செருக வேண்டும். வெளி வரிசையில் 5 வோல்ட் இருக்கிறது, கவனம். செருகியபின், பை எழும்போது படிக்கும் பூட் அமைப்புக் கோப்பில் அதற்கான வரியைச் சேர்த்து, போலிக் கடிகார நிரலை நீக்கிவிடுங்கள்.

மழைக்கணக்கன்:
தேதி கொடுத்ததும் அப்டேட் முனகாமல் ஓடியது. கடிகாரத் துண்டை ஊருக்குப் போகும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். நான் போனில் "கார்டு இருக்கும் பக்கத்து மூலை, உள் வரிசை" என்று சொல்லச் சொல்ல, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊக்கு முனையால் பின்களை எண்ணினார். செருகும் முன் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பின் தள்ளி வைத்திருந்தார், நல்லவேளை.

ரவுட்டரை அணைத்துவிட்டு, பையை அரை மணி நேரம் நிறுத்தி எழுப்பச் சொன்னேன். பிறகு ரவுட்டரைப் போட்டு உள்ளே நுழைந்து பார்த்தால், எழுந்த நேரத்தைச் சரியாகவே பதிந்திருந்தது. பழைய பதிவுகளை நோட்டோடு ஒப்பிட்டு நாள் நாளாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் எப்படிப் பார்த்தாலும் ஒட்டவில்லை. அங்கே நோட்டில் இருப்பதையே எழுதிவிட்டேன்.