விண்டோஸில ஓடுது, லினக்ஸ் சேர்வரில ஸ்கீமா பேர் பிடிக்குதில்ல (ஜூக் ஜெனரேட்டர்)

உவர்மலையான்:
வணக்கம். நிலாவெளிப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு படகு, அங்கத்தவர், கடன் விவரம் பதியுற சிஸ்டம் ஒண்டு ஜாவால செய்து குடுக்கிறன், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8, டேபிளுக்கான ஜாவா கிளாஸ் எல்லாம் ஜூக் ஜெனரேட்டரால (டேட்டாபேஸை வாசிச்சு கோட் எழுதித் தாற டூல்) எடுக்கிறது. டேட்டாபேஸ் கிரியேட் பண்ணுற ஸ்கிரிப்டில ஸ்கீமா (டேபிள் எல்லாம் இருக்கிற தொகுதி) பேர் மீன்சங்கம், அதில எம்மும் எஸ்ஸும் கப்பிட்டல். என்ர விண்டோஸ் லப்டொப்பில ஒரு பிரச்சினையும் இல்ல, லினக்ஸ் சேர்வரில போட்டா டேபிள் இல்லையாம். ஜெனரேட் ஆன கோடைத் திறந்து பாத்தா பேர் முழுக்க சிம்பிள் லெட்டரில கிடக்கு, நான் அப்பிடி எழுதவேயில்ல! நாளண்டைக்கு சங்கத்தில காட்டோணும்.

கிண்ணியா கோடர்:
நான் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பாவிக்கிறன். அதில கொட்டேஷன் இல்லாம எழுதின பேர் எல்லாத்தையும் சிம்பிளாக்கிரும், ஒரக்கிள் மறுவளமா கப்பிட்டலாக்கும். ஜூக் சும்மாவே கொட்டேஷன் போட்டுத்தான் பேர எழுதும், அத ஓஃப் பண்ணிப் பாருங்க தம்பி.

உவர்மலையான்:
செய்து பாத்தன் நானா, அதே எரர்தான்.

உப்புவெளி:
மைஎஸ்கியூஎல்லில கொட்டேஷனுக்கும் இதுக்கும் தொடர்பில்ல தம்பி. அங்க ஒரு ஸ்கீமா எண்டா டிஸ்க்கில ஒரு ஃபோல்டர். 'லோவர் கேஸ் டேபிள் நேம்ஸ்' எண்ட செட்டிங் விண்டோஸில 1, அதால நீங்க கப்பிட்டலில குடுத்தாலும் சிம்பிளாக்கித்தான் சேமிக்கும், ஜெனரேட்டர் அதைத்தான் வாசிச்சிருக்கு, அதில பிழை சொல்லேலாது. லினக்ஸில 0, எழுதினது எழுதினபடி இருக்கும். அந்த செட்டிங்க சேர்வரில மாத்தலாம் எண்டு மட்டும் போயிராதீங்க, மைஎஸ்கியூஎல் 8இல டேட்டாபேஸ் சேர்வர முதல்முதல் இனிஷியலைஸ் பண்ணேக்க மட்டும்தான் வைக்கலாம்.
கோடில ஜூக்கின்ர 'ரென்டர் ஸ்கீமா' செட்டிங்க (டேபிள் பேருக்கு முன்னால ஸ்கீமா பேரையும் எழுதுறதா இல்லையா எண்டது) ஃபோல்ஸ் ஆக்கினா கனெக்ஷனில இருக்கிற ஸ்கீமாவையே எடுக்கும், அவசரத்துக்கு அது போதும். ஆனா டேபிள் பேரிலயும் கப்பிட்டல் இருந்தா அதுவும் இதே மாதிரி விழும், அதப் பாருங்க முதல்ல. ஸ்கிரிப்டில எல்லாத்தையும் சிம்பிள் லெட்டரும் அண்டர்ஸ்கோருமா மாத்துறதுதான் என்ர விருப்பம்.

கிண்ணியா கோடர்:
ஓ, ஃபோல்டர் விசயம் எனக்குத் தெரியாது. அப்ப ஜெனரேட்டரையும் லப்டொப் மைஎஸ்கியூஎல்லில ஓட்டாம டொக்கரில (லப்டொப்புக்குள்ளயே தனியா வேற சிஸ்டம் ஓட்டுற டூல்) லினக்ஸ் மைஎஸ்கியூஎல் ஒண்டு வச்சு ஓட்டினா பிழை வீட்டிலயே பிடிபட்டிருக்கும் என்ன.

உவர்மலையான்:
அண்ணே, ரென்டர் ஸ்கீமா மாத்தின உடன மற்றதெல்லாம் ஓடிச்சு, கடன் டேபிள் மட்டும் விழுந்திச்சு, பாத்தா அதில கே கப்பிட்டல்! சேர்வரில இன்னும் டேட்டா ஒண்டும் ஏத்தேல்ல, அதால ஸ்கீமாவ அழிச்சு எல்லாம் சிம்பிளில திரும்ப கிரியேட் பண்ணினன். டொக்கர் இண்டைக்கு இரவு போடுறன் நானா.