கண்மாயில் 15 மீட்டர் தாண்டினால் செவிடாகிவிடும் படகு: வீட்டில் செய்த ரேடியோவில் எங்கே பிழை?

கண்மாய்க்கரை (கேள்வி):

வணக்கம். சிவகங்கைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ரேடியோவில் ஓடும் படகு ஒன்று செய்திருக்கிறேன். படகு நன்றாகவே ஓடுகிறது. நாங்கள் சொல்வதைத்தான் கேட்பதில்லை.

அனுப்பும் கருவி ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கிறது. நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ நானோ ஒன்று, கட்டைவிரலால் தள்ளும் ஜாய்ஸ்டிக் இரண்டு, ஆன்டெனா திருகி மாட்டும் பெரிய என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல் ஒன்று, பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 செல் இரண்டு. படகில் இன்னொரு நானோ, ஆன்டெனா பலகையிலேயே பொறித்திருக்கும் சின்ன என்ஆர்எஃப்24, சுக்கானைத் திருப்ப எஸ்ஜி90 சர்வோ மோட்டார், உடைந்த பொம்மைக் காரின் மோட்டார், அதை ஓட்ட எல்298என் பலகை. உடல் தெர்மகோல். சுழலித் தண்டுக்குச் சைக்கிள் ஆரக்கம்பி. அதைப் பித்தளைக் குழாய்க்குள் விட்டுக் கிரீஸ் அடைத்தோம். அந்த வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை என்பதைக் கேட்காமலே சொல்லிக்கொள்கிறேன்.

பள்ளி மைதானத்தில் படகை நாற்காலிமேல் வைத்துவிட்டு 40 மீட்டர் தள்ளி நின்று அசைத்துப் பார்த்தோம். சுக்கான் சொன்னபடி திரும்பியது. மறுநாள் மேல்தட்டை ஒட்டி, ஈரம் இறங்காமல் இருக்க முழுக்க வெள்ளி டேப் சுற்றி, கண்மாய்க்குக் கொண்டுபோனோம். கரையிலிருந்து 15 மீட்டர்கூடப் போயிருக்காது, காது அடைத்துவிட்டது. மோட்டாராவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் போய் எதிர்க்கரைக் கருவேலங்கிளைக்குள் செருகிக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்தார். உள்ளே வெடி எதுவும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

நிரலை மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன். சேனல் 108, வேகம் வினாடிக்கு 1 மெகாபிட். பிழை நிரலில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மாசி கழிந்தால் அந்தக் கண்மாயில் கிரிக்கெட்தான் ஆட முடியும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேகத்தடை:

எதற்கு சார் இந்தப் பாடு? ஆறு சேனல் ரிமோட் செட் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. நானும் ஒரு காலத்தில் சொந்தமாகச் செய்கிறேன் என்று இறங்கி மூன்று மாதம் வீணடித்தவன்தான்.

மொட்டைமாடி:

சார், நிரலை விட்டுவிடுங்கள். மின்சாரத்தைப் பாருங்கள். பெரிய மாட்யூலுக்கு 3.3 வோல்ட் எங்கிருந்து கொடுக்கிறீர்கள்? நானோவின் 3.3 காலிலிருந்து என்றால் அதுதான் முதல் குற்றவாளி. அந்தக் காலில் வருவது யுஎஸ்பி சிப்பு தன் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுக்கும் மின்சாரம். அசல் நானோவிலேயே 50 மில்லிஆம்பியர்தான் எல்லை. மலிவு நகல்களில் அதையும் நம்ப முடியாது. ஆன்டெனா வைத்த மாட்யூலோ அனுப்பும்போது 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அதற்கு மூச்சு முட்டும்.

5 வோல்ட்டிலிருந்து ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் போட்டுத் தனியாக 3.3 எடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் அதற்கென்றே சின்ன அடாப்டர் பலகை கிடைக்கும். மாட்யூலை அப்படியே செருகலாம். மாட்யூலின் மின் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே, திடீர்த் தேவைக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்க, 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை ஒட்டவையுங்கள். கால்களிலேயே ஒட்ட வேண்டும். பிரெட்போர்டின் மறுகோடியில் வைத்தால் பயனில்லை. என் முதல் விமானம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மோதி உடைந்ததற்கு நான் போடாமல் விட்ட அந்தக் கெப்பாசிட்டர்தான் காரணம்.

வேகத்தை 250 கிலோபிட்டுக்கு இறக்குங்கள். சுக்கானுக்கும் மோட்டாருக்கும் நான்கு பைட் போதும், மெகாபிட் எதற்கு? 1 மெகாபிட்டோடு ஒப்பிட்டால் வாங்கும் காதின் கூர்மை 9 டெசிபெல் கூடும். வெட்டவெளியில் தூரம் இரண்டரை மடங்கைத் தாண்டும். ஒன்று கவனியுங்கள்: பெயரின் கடைசியில் கூட்டல் குறி இல்லாத பழைய சிப்புக்கு 250 கிலோபிட் தெரியாது.

சேனல் 108ஐ உடனே மாற்றுங்கள். சேனல் எண்ணை 2400உடன் கூட்டினால் வருவதுதான் அதிர்வெண். அதாவது நீங்கள் பேசுவது 2508 மெகாஹெர்ட்ஸில். வைஃபை இடையூறு இருக்காது என்று யாரோ எழுதியதை ஊரே நகலெடுக்கிறது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேச விட்டிருப்பது 2400 முதல் 2483.5 வரைதான். 76 வையுங்கள். வைஃபையின் 11ஆம் சேனல் 2462ஐ நடுவில் வைத்துப் பரவுகிறது. 2476 அதைத் தாண்டி ஒதுங்கி நிற்கும்.

சுருள்:

மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மின்சாரக் குறை மைதானத்துக்கு ஒரு விதமாகவும் கண்மாய்க்கு ஒரு விதமாகவும் நடந்துகொள்ளாது. மைதானத்துக்கும் கண்மாய்க்கும் நடுவில் என்ன மாறியது? மேல்தட்டும் வெள்ளி டேப்பும். நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த டேப் அலுமினியமாக இருந்தால், ரிசீவரைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறீர்கள் என்று பொருள். தண்டுத் துளை வழியே கசிந்து வந்த அலைதான் அந்த 15 மீட்டர்.

டேப்பை உரித்தாலும் பாதிக் கிணறுதான். படகின் அடித்தளத்தில் மாட்யூல் படுத்திருக்கிறது என்றால் அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போனால் கரைந்துவிடும். நீர்மட்டத்தை உரசிக்கொண்டு போகும் அலைக்கும் கதி அதேதான். நேராக வருவதும் நீரில் பட்டுத் திரும்புவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதற்குக் குறையாத ஒரு குச்சி நட்டு மாட்யூலையே அதன் உச்சியில் செங்குத்தாகக் கட்டுங்கள். கரையில் பிடிக்கும் ஆன்டெனாவும் செங்குத்தாக இருக்கட்டும். 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் ரேடியோவால் ஓட்டிக்காட்டியதும் படகுதான். படங்களில் பாருங்கள், மேல்தட்டிலிருந்து கம்பிகள் நிமிர்ந்து நிற்கும்.

நான் 1986இல் செய்தது 27 மெகாஹெர்ட்ஸ் செட். அலை நீளம் 11 மீட்டர், கால் அலை ஆன்டெனா என்றாலே ஓர் ஆளைவிட உயரம். சுருள்களைப் பென்சிலில் சுற்றினேன். ரிசீவர் ஒற்றை டிரான்சிஸ்டர் சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. அதற்கு ஒரு குணம் உண்டு: காதில் மாட்டிக் கேட்டால் அடைமழை போல இரைந்துகொண்டே இருக்கும், அலை வந்ததும் இரைச்சல் அடங்கும். எவ்வளவு அடங்குகிறது என்பதை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடுவேன். உங்கள் மாட்யூல் ஊமை. வேலை செய்கிறதா, சாகக் கிடக்கிறதா என்று வெளியே தெரியாது. அதைப் பேச வையுங்கள்.

வழி எளிது. சர்வோ 20 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பை எதிர்பார்க்கிறது. ஆகவே வினாடிக்கு 50 தகவல் பொட்டலம் அனுப்புங்கள். வாங்கியவன் தானாகவே பெற்றேன் என்று பதில் சொல்லும் வசதி அந்தச் சிப்பிலேயே இருக்கிறது. மறுமுயற்சி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, 50க்கு எத்தனை பதில் வருகிறது என்பதைக் கரையில் மடிக்கணினியில் காட்டச் செய்யுங்கள். படகின் குரல் சின்னது என்பதால் இந்த எண் உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். அது நல்லதுதான்.

மோட்டாருக்கு 104 என்று அச்சிட்ட சின்னக் கெப்பாசிட்டர் மூன்று போட்டீர்களா? இரு முனைக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒவ்வொன்று. பிரஷ்ஷில் பறக்கும் பொறியே ஒரு டிரான்ஸ்மிட்டர்தான்.

கடைசியாகச் சொல்வதை முதலில் செய்யுங்கள். அரை வினாடி பொட்டலம் வராவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும், சுக்கான் நடுவுக்கு வர வேண்டும். இது நான்கு வரி நிரல். படகைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கும்வரை தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும் பெரியவருக்கு என் வயது இருக்கும் போலிருக்கிறது.

கண்மாய்க்கரை:

முதலில் ஒரு திருத்தம். நான் சார் இல்லை, டீச்சர். பரவாயில்லை, மின்கட்டண அலுவலகத்திலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேகத்தடை அவர்களுக்கு: ரெடிமேட் செட்டை வாங்கினால் படகு ஓடும், உண்மை. ஆனால் எட்டாம் வகுப்பு முத்துலட்சுமி கெப்பாசிட்டரின் எதிர்முனைக் கோட்டைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருக்க மாட்டாள். உங்கள் மூன்று மாதமும் வீண் என்று நான் நினைக்கவில்லை.

ஐயா சொன்ன நான்கு வரியை முதலில் எழுதினோம். கையில் பிடித்து அணைத்தோம், மோட்டார் நின்றது. பிள்ளைகள் இருபது தடவையாவது அணைத்து அணைத்துப் பார்த்திருப்பார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது என்று நானே வகுப்பில் சொல்லும் பாடத்தை மதித்து, ஒவ்வொன்றாக மாற்றி நோட்டில் குறித்தோம்.

எதையும் மாற்றாமல், சேனலை மட்டும் 76 ஆக்கி, மைதானத்தில் மேல்தட்டு இல்லாமல் 40 மீட்டரில்: 50க்கு 31. ஓடுகிறது என்று நாங்கள் மார்தட்டிய அன்றைக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்! ரெகுலேட்டரும் கெப்பாசிட்டரும் போட்ட பிறகு அதே இடத்தில் 48. மொட்டைமாடித் தம்பிக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலோடு டேப் சுற்றிய மேல்தட்டை மூடி, கண்மாயில் 15 மீட்டரில் பார்த்தோம்: 6. டேப் அலுமினியமேதான். பத்தாண்டாகக் கடத்திகள், காப்பான்கள் பாடம் நடத்துகிறேன். மின்கடத்தியை என் கையாலேயே சுற்றியிருக்கிறேன்.

டேப்பை உரித்துவிட்டு நாளிதழைப் பசையில் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்தோம். 15 மீட்டரில் 44. மாட்யூலை 18 சென்டிமீட்டர் ஈர்க்குச்சிக் கட்டின் உச்சிக்கு ஏற்றி, மழைக்குப் பாலித்தீன் உறை மாட்டினோம். அதே இடத்தில் 50. வேகத்தை 250க்கு இறக்கினோம். எதிர்க்கரைவரை, நடந்து அளந்ததில் 85 மீட்டர், 46க்குக் கீழே போகவில்லை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 30க்கு இறங்கிவிட்டு இரண்டடி தள்ளிப் போனதும் ஏறிவிடுகிறது. நீரில் பட்டுத் திரும்பும் அலை என்று ஐயா சொன்னது இதுதானா? பிள்ளைகள் அந்த இடத்துக்குப் பேய்க்குழி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பேய் இடம் மாறுகிறது.

மோட்டார் கெப்பாசிட்டர் மூன்றையும் கடைசியாகப் போட்டோம். எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் முழு வேகத்தில் சர்வோ நடுங்கிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

ஆடு மேய்க்கும் பெரியவரிடம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தோம். படகைத் தன் பக்கம் வரவழைத்து, திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து, கால் மணி நேரம் கொடுக்கவே இல்லை. ஆடுகள் பக்கத்துக் கடலைக் கொல்லையில் இறங்கிய பிறகுதான் டப்பா கைக்கு வந்தது.

இப்போது ஏழாம் வகுப்பு தங்களுக்குத் தனியாக ஒரு படகு வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே கண்மாயில் ஒரே நேரத்தில் ஓடலாமா?

சுருள்:

அதுதான், டீச்சரம்மா. நேராக வருவதும் நீரில் பட்டு வருவதும் எதிரெதிராகச் சந்திக்கும் இடம். கை உயரம் மாறினால் சந்திக்கும் புள்ளியும் மாறும்.

இரண்டாவது படகு தாராளமாக ஓடலாம். எங்கள் காலத்தில் என்றால் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தால் இருவர் படகும் போச்சு. உங்கள் சிப்பில் ஐந்து பைட் முகவரி இருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு வேறு முகவரி கொடுங்கள், சேனலையும் 80 ஆக்குங்கள். இரண்டு டப்பாவின் மேலும் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.